கறுப்புக் கவர், கண்ணாடிக் கவர்

மருந்துக்கடையில் ஒரு பெண் நாப்கின் கேட்டால் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். அவள் கேட்காமலேயே கொடுக்கிறார். முடி நீக்கும் க்ரீமுக்கும் பெண்களுக்கான ரேசருக்கும் பல கடைகளில் இதே மரியாதைதான். அதே பெண் வெளிநாட்டு விமானம் ஏறப் போனால், பையிலுள்ள க்ரீம், ஜெல், லோஷன் எல்லாவற்றையும் 100 மில்லிக்கு மேற்படாத குப்பிகளில் அடைத்து, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கவரில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி தட்டில் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கறுப்புக் கவரில் வாங்கியதை ஒருநாள் கண்ணாடிக் கவரில் வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுத நினைக்கிறேன்.

விதி வந்த கதையில் மர்மம் எதுவும் இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பானப் பாட்டில்களில் ஒளித்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகே 100 மில்லிக் கணக்கு உலகெங்கும் பரவியது. புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இப்போது அது தளர்ந்துவருகிறது. ரேசரின் கணக்கு வேறு. பிளேடு பிளாஸ்டிக் தலைக்குள் பதிந்திருக்கும் ரகமும், சில நாள் பயன்படுத்தித் தூக்கியெறியும் ரகமும் கைப்பையில் போகலாம். கழற்றி மாட்டும் இருபக்க பிளேடு போகக் கூடாது. விமானத்தின் அடியில் போகும் பெட்டியில்தான் அதற்கு இடம். இந்த விதிகள்மேல் எனக்குப் புகார் இல்லை. அவை பொருளின் ஆபத்தை அளக்கின்றன, பொருளுக்கு உரியவளின் மானத்தை அளப்பதில்லை. அந்த வகையில் நம் வீட்டு விதிகளைவிட நாணயமானவை.

ஆனால் தட்டுகள் நகரும் பட்டையின் அருகே நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஓர் ஆணின் பையிலிருந்து 200 மில்லி ஷேவிங் ஃபோம் டப்பாவை எடுத்தால் அவர் வாதாடுகிறார். போன தடவை விட்டீர்களே என்கிறார். பாதிதான் இருக்கிறது என்று குலுக்கிக் காட்டுகிறார். பின்னால் நிற்பவரைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஒரு பெண்ணின் பையிலிருந்து எதையாவது எடுத்தால் பெரும்பாலும் அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். விலை உயர்ந்த பொருளாக இருந்தாலும் அந்தப் பொருள் ஒருவர் கையில் உயர்ந்து நிற்கும் நொடி முடிந்தால் போதும் என்றிருக்கிறது அவளுக்கு. நான் கணக்கெடுப்பு நடத்தவில்லை. வரிசையில் நின்றவளின் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

நம் விமான நிலையங்களில் ஆண்களைத் திறந்த மேடையில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தடுப்பு, உள்ளே ஒரு பெண் காவலர். அவர் கையிலிருக்கும் கருவி தாலியில் ஒருமுறை கீச்சிடும், சேலை ஊக்கில் ஒருமுறை, உள்ளாடைக் கொக்கியில் ஒருமுறை. அந்தத் திரை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரைக்கு வெளியே, அதே நேரத்தில், அவளுடைய பை பொதுப் பட்டையில் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பவர் பெரும்பாலும் ஆண். உடலுக்குத் திரை கிடைத்தது. அந்த உடலை ஊர் ஏற்கும்படி வைத்திருக்கும் தினசரி வேலைக்குக் கிடைக்கவில்லை.

என் ஆய்வு மாணவி ஒருத்தியின் அனுபவத்தை அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு. அவளுக்கு முதல் விமானப் பயணம். அவளுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் முகவாயை மழித்துக்கொள்கிறாள். பார்லர் செலவு கட்டுப்படியாகாது. அப்பா வாங்கும் அதே பிளேடு, அதே மாதிரி ரேசர். பிளேடு பாக்கெட் திரையில் தெரிந்தது. பை தனியே ஒதுக்கப்பட்டது. காவலர் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து இந்தியில் யாருடையது என்று கேட்டார். சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். இவள், "அண்ணனோடது, தெரியாம வந்திருச்சு" என்றாள். அவளுக்கு அண்ணன் கிடையாது.

பிளேடு குப்பைக்கூடைக்குப் போனது. இரவில் போய்ச் சேர்ந்தார்கள். நகரத்துக்கு வெளியே விருந்தினர் விடுதி. அறையில் இவளோடு அறிமுகமில்லாத மூன்று பெண்கள். காலை எட்டு மணிக்குப் பேருந்து வந்துவிட்டது. கட்டுரை வாசிக்கும்போது முகக்கவசம் அணிந்திருந்தாள், சளி என்று சொல்லி. கொரோனா நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சில வசதிகளில் அதுவும் ஒன்று. அவள் வாசித்த கட்டுரை பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகையைப் பற்றியது. கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர், முகக்கவசத்தை எடுத்துவிட்டுப் பேசினால் தெளிவாகக் கேட்குமே என்றிருக்கிறார். அவள் பதிலைச் சுருக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இரண்டு வருட உழைப்பு அந்தக் கட்டுரை.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது அவள் கேட்டது பிளேடைப் பற்றி அல்ல. "போலீஸ்கிட்டப் பொய் சொல்லிட்டேன், அது தப்பா மேடம்?" என்றாள். ஆயுதத்தை மறைத்திருந்தால் தப்பு. அவள் ஆயுதம் எதையும் மறைக்கவில்லை. பிளேடு அவர் கையில்தான் இருந்தது, அதை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தாள். அவள் மறைத்தது தன் முகவாயை. அது தன்னுடைய அந்தரங்கம், அதை மறைக்கத் தனக்கு உரிமை இல்லையா என்று அவளே அடுத்துக் கேட்டாள். இந்த இரண்டாவது கேள்விதான் என்னை நிறுத்தியது.

அந்தரங்கமும் வெட்கமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி மூட்டைகள். இரண்டையும் சுற்றித்தான் வைக்கிறோம், இரண்டையும் பிறர் திறந்தால் பதறுகிறோம். ஆனால் பதற்றம் ஒன்றல்ல. என் நாட்குறிப்பை ஒருவர் அனுமதியில்லாமல் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. எனக்குரிய ஒன்றை இன்னொருவர் எடுத்துவிட்டார் என்ற கணக்கு அதில் இருக்கிறது. என் ரேசரை ஒருவர் பார்த்துவிட்டால் நான் குறுகிப்போகிறேன் என்றால், அங்கே கணக்கு தலைகீழ். நான்தான் எதையோ திருடி மாட்டிக்கொண்டதுபோல. எனக்குச் சொந்தமில்லாத ஒரு வழவழப்பை எனதென்று ஊரிடம் காட்டி வந்திருக்கிறேன், இப்போது ரசீது கேட்கிறார்கள்.

இரண்டும் கலந்து வருவதுண்டு. என் மாதவிலக்குத் தேதி சக ஊழியருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் நினைப்பது அந்தரங்கம். அதற்குரிய பொருளைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றுவது வேறு. சுற்ற வேண்டுமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. 2018 ஜூலையில் நாப்கின்மேல் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது, செய்தித்தாளை யாரும் நீக்கவில்லை. எதை மூடுவது என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்டால் மூட்டைகளைக் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பிலேயே பெண்ணியவாதிகள் அந்தரங்கத்தைப் பற்றி எழுப்பிய ஐயமும் பேசப்பட்டிருக்கிறது: அது வீட்டுச் சுவரைத் தடிமனாக்கி உள்ளே நடக்கும் அடியையும் உதையையும் மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. சுவருக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். சுவர் இல்லாமலே, யாரும் அடிக்காமலே, ஒருத்தி தனக்கில்லாத அண்ணனைப் படைத்துக்கொள்கிறாளே, அதற்கு எந்தப் பிரிவில் மனுப் போடுவது?

இந்த வெட்கம் மொழிக்குள்ளும் இருக்கிறது. தமிழாசிரியையாக எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. மயிர் என்பது பழைய, நேரான சொல். இன்று அது வசவு. வகுப்பில் அந்தச் சொல் வரும் பாடலை நடத்தும்போது பின் வரிசையில் சிரிப்பு எழும். நாம் முடி என்கிறோம், இன்னும் பயந்தால் ரோமம் என்கிறோம். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆண் கவிஞர்கள் கூசாமல் எழுதிய சொல் ஒரு பெண்ணின் புத்தக அட்டையில் ஆபாசமானதைப் பார்த்தோம். ஆனால் அந்த ஆண் கவிஞர்களின் வருணனையில் இன்றைய பார்லர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. பெண்ணின் கொப்பூழிலிருந்து மேலேறும் மெல்லிய மயிர்வரிசைக்கு மயிரொழுங்கு, உரோமாவளி என்றெல்லாம் பெயரிட்டு அழகின் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். என் மாணவியின் கட்டுரையில் அதற்குத் தனிப் பகுதியே உண்டு. அதுவும் ஆணின் கண்தான். அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் தயாரில்லை. எது அருவருப்பு என்பது உடலில் எழுதியிருப்பதில்லை, காலத்துக்குக் காலம் யாரோ எழுதுகிறார்கள் என்று காட்ட மட்டும் அது உதவும். திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரம் துறவிக்கு முடி ஒரு பொருட்டில்லை, ஊர் பழிக்கும் செயலை விட்டால் போதும் என்கிறது. ஊர் பழிப்பதே முடியைத்தான் என்றால் அந்த அறிவுரையை வைத்து ஒரு பெண் என்ன செய்வாள்?

கத்தி யார் கையில் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். சவரக் கருவிகள் வைக்கும் பைக்குத் தமிழில் அடைப்பம் என்றொரு சொல் உண்டு. அது நாவிதரின் பை. அந்தப் பையைச் சுமந்த சாதியை ஊர் இழிவாக நடத்தியது. அந்தச் சாதிப் பெண்களே மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைகளைப் பிரசவம் பார்த்து எடுத்தார்கள். சிரைப்பது என்ற சொல்லை இன்றும் வசவாகப் பயன்படுத்துகிறோம், பெண்ணியம் பேசும் மேடைகளில்கூட. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்க அழைக்கப்பட்டதும் அந்த அடைப்பம்தான். மழித்த தலையோடு கைம்மை நோற்கும் பெண்கள் புறநானூற்றிலேயே இருக்கிறார்கள். 1890இல் பம்பாயில், சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியில் சவரத் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, பார்ப்பன விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். பெண்ணுடலின்மேல் வைக்கச் சொன்ன கத்தியைக் கீழே போட்டவர்கள் அந்தப் பையைச் சுமந்தவர்கள். பெண் விடுதலை வரலாற்றில் இவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் மிகவும் சிறியது.

இப்போது கத்தி நம் கையில், நம் பணத்தில். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904இல். 1915இல் அந்த நிறுவனம் பெண்களுக்கென்று தனியாக ஒரு ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில்லாத மேலாடைகள் நாகரிகமாகிக்கொண்டிருந்த நேரம். ஆண்கள் தாடையோடு சந்தை நின்றுவிடக் கூடாதென்றால் அக்குளும் ஒரு பிரச்சினையாக வேண்டும், ஆக்கினார்கள். நூறு ஆண்டு கழித்து, 2015இல், நியூயார்க் நகர நுகர்வோர் துறை விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது பெண்களுக்கான ரேசர் சராசரியாக 11 சதவீதம் விலை கூடுதலாக இருந்தது. நம்மூரிலோ அதற்கு முன்பே கஸ்தூரி மஞ்சள் இருந்தது, கோரைக்கிழங்கு இருந்தது, குப்பைமேனி இருந்தது. பூனைமுடி உதிர வேண்டும் என்று பாட்டிமார் அரைத்துப் பூசினார்கள். ஆகவே எல்லாப் பழியையும் அமெரிக்கக் கம்பெனிமேல் போடுவதற்கில்லை. (அரைத்த பொடிக்கு 100 மில்லிக் கணக்கு கிடையாது என்பது பாட்டி வைத்தியத்துக்குக் கூடுதல் சாதகம்.)

அப்படியானால் ரேசரையே விட்டுவிட வேண்டியதுதானே என்று தோழிகள் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். மழித்துக்கொண்டு பெண்ணியம் பேசுவது முரண் என்கிறார்கள் ஒரு தரப்பார். அது அவரவர் தேர்வு, தேர்வைக் கேள்வி கேட்காதே என்கிறார்கள் இன்னொரு தரப்பார். எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. பதினாறு வயதில், பள்ளிப் பேருந்தில் ‘மீசை’ என்று பட்டப்பெயர் வாங்கியவள் ரேசரை எடுத்தாள் என்றால் அதைத் தேர்வு என்று சொல்வது மனமறிந்த பொய். அவளைப் பார்த்து, நீ முரண்பட்டவள் என்று சொல்வது இன்னொரு சோதனைச் சாவடி. ஏற்கெனவே ஒரு வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டியவளை அடுத்த வரிசைக்கு அனுப்புவதுபோல. கருத்தரங்கு மேடையில் ஏறும் காலைப்பொழுதில் அவளுக்குத் தேவையானது ஒரு பிளேடு. அதை மறுக்கும் கொள்கை எனக்கு வேண்டாம்.

2024இல் வட மாநிலம் ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியின் புகைப்படம் வெளியானது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் மேலுதட்டு முடியைக் கேலி செய்தார்கள். ஆதரவாக வந்தவர்களில் ஒரு சவரப் பொருள் நிறுவனமும் உண்டு; கேலிக்குப் பயந்து எங்கள் ரேசரைப் பயன்படுத்தத் தொடங்காதே என்ற பொருளில் விளம்பரம் வெளியிட்டது, அடியில் தன் பெயரோடு. கேலி செய்தவர்களும் அவள் உதட்டைத்தான் பார்த்தார்கள், ஆதரித்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். மழிக்காதே என்று ஊரே கூடி அறிவுரை சொல்வதும் அவளிடமிருந்து அந்த முடிவை எடுத்துக்கொள்வதுதான். முடியோடு பெருமையாக நில் என்று என் மாணவியிடம் நான் சொல்லவில்லை. பெருமை கொள்ளவும் அவளுக்குக் கடமை இல்லை. முகவாயில் முடி வளர்வது ஒரு செய்தியே இல்லாத அறை ஒன்று அவளுக்குக் கிடைத்தால், அந்த அறையில் அவள் மழிக்கலாம், மழிக்காமலும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளவும் செய்யலாம். அப்போது அது அந்தரங்கம். இப்போது அவளிடம் இருப்பது அறை அல்ல, ஒளிவிடம்.

பொய் தப்பா என்ற கேள்விக்கு, "நீ சொன்ன பொய்க்கு நீ மட்டும் பொறுப்பில்லை" என்று அன்றைக்குச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த தடவை கேட்டால் என்ன சொல்வது மேடம் என்றாள். 'என்னுடையது' என்று தமிழில் சொன்னால் போதும், அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, என்றேன். சிரித்தாள். சொல்வாளா என்று தெரியாது.

எங்கள் துறையில் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுப்போம். அடையாள அட்டை, பயணச்சீட்டு நகல், மருந்துச் சீட்டு என்று போகும். இந்த ஆண்டு அதில் ஒரு வரி சேர்த்தேன்: இருபக்க பிளேடு பெட்டியில், தலை பொருத்திய ரேசர் கைப்பையில், க்ரீம் 100 மில்லிக்குள். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். மூத்த சக ஆசிரியர் ஒருவர், "மேடம், இதெல்லாம் நோட்டீஸ்ல வரணுமா? பிள்ளைங்க படிக்கிற இடம்" என்றார். "பிள்ளைங்கதான் சார் பிளேன்ல போறாங்க" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தாளும் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவன் வந்து ட்ரிம்மர் எந்தப் பையில் போகும் என்று சத்தமாகக் கேட்டான். பேட்டரி இருக்கிறது, கைப்பையிலேயே வைத்துக்கொள் என்றேன். அவனுக்குப் பின்னால் இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். அவன் போகும்வரை பலகையில் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். போன பிறகு ஒருத்தி, வேக்ஸ் திரவக் கணக்கில் வருமா என்று கேட்டாள். பட்டையாக இருந்தால் வராது, டப்பாவில் இருந்தால் வரும் என்றேன். மற்றவள் அதைக் கையில் எழுதிக்கொண்டாள்.